கதவு காக்கா மூட மறுத்த பக்கங்கள்

மன்னார் வளைகுடாக் கரையில் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டி, பிள்ளைகளைப் பெற்று, இத்தனை வயதுக்கும் ஒரு கதவைக்கூடத் தன் கையால் மூடாத மனிதர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் கீழக்கரை கதவு காக்கா. வாசல் கதவு மட்டுமில்லை. பீரோ, ஃபிரிட்ஜ், அரிசி டப்பா என்று அவர் திறந்த எதையும் பின்னாலேயே வந்து மூடுவதற்கு வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை அவருடைய மனைவி ஜைனம்பு லாத்தா கல்யாணமான நாளிலிருந்து பார்த்து வருகிறார்.

காக்கா என்றதும் பறவையை நினைத்துவிடாதீர்கள். அந்த ஊரில் காக்கா என்றால் அண்ணன், லாத்தா என்றால் அக்கா. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை.

நான் கடலாடிப் பக்கத்து ஆள். கீழக்கரையில் ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து, காக்காவின் எதிர்வீட்டில் வாடகைக்குக் குடியேறினேன். வந்த அன்றைக்கே மத்தியானம், எதிர்வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடப்பதையும் உள்ளே ஒரு வெள்ளை ஆடு படுத்து அசைபோடுவதையும் பார்த்தேன். நல்ல அண்டைவீட்டுக்காரன் என்று பெயரெடுக்கும் ஆசையில் போய் ஆட்டை விரட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். தெருவின் பாதியைக் கடப்பதற்குள் பின்னால் குரல் கேட்டது.

"தம்பி, எங்க வீட்டுப் புள்ள ஒருத்தன் கடல்ல இருக்கான். நீங்க பாட்டுக்குக் கதவச் சாத்திட்டுப் போறீங்களே."

இப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது.

ஊருக்குக் கிளம்பியவர் தெருமுனை திரும்புவதற்குள் வீட்டுக் கதவைச் சாத்தக் கூடாது, வீட்டைக் கூட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்திலும் உண்டு. எல்லோரும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டுச் சாத்திக்கொள்வார்கள். காக்கா, போனவர் திரும்பி வரும்வரை பொறுத்திருப்பார். அதற்கு அவரிடம் காரணமும் இருந்தது. இளவயதில் முதன்முதலாக சவூதிக்குக் கிளம்பியபோது, வேன் நகர்ந்ததுமே அவருடைய உம்மா கதவைச் சாத்திவிட்டாராம். உத்தரகோசமங்கை விலக்கில் டயர் வெடித்தது. சென்னையில் விமானத்தைத் தவறவிட்டு அடுத்ததில் போனார். அங்கே போய் இறங்கினால், நாங்கள் கேட்டது டிரைவர், வந்திருப்பது டெய்லர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்தமுறை கதவைத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டுப் போனார், தலை நரைக்கும்வரை நன்றாகச் சம்பாதித்துவிட்டு வந்தார். இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன ஆதாரம் வேண்டும்?

அவருடைய மகன் ரியாஸ் வளைகுடா நாடொன்றில், பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் இழுவைப் படகில் வேலை பார்க்கிறான். அதனால் கதவு வருடம் முழுக்கத் திறந்திருக்கும். ஒருநாள் வெளியூர் வேன் ஒன்று வந்து நின்று, புதுச்சட்டை போட்ட கூட்டம் இறங்கி, திறந்த வாசலைப் பார்த்து இதுதான் கல்யாண வீடு என்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. காக்கா எல்லோருக்கும் சர்பத் கொடுத்து, விசிறி கொடுத்து, நலம் விசாரித்தார். மாப்பிள்ளை எங்கே என்று அவர்கள் கேட்டபோதுதான், அவன் கடலில் இருக்கிறான், இன்னும் பெண் பார்க்கவில்லை என்றார். வந்தவர்கள் பதறி எழுந்து போனார்கள். அதில் ஒரு பெரியவருக்கு மட்டும் தூக்கம் கலையாததால் அவர் சாயங்கால அசர் தொழுகை வரை அங்கேயே இருந்தார்.

இந்த வீட்டுக்குத்தான் கம்ப்யூட்டர் வந்தது. ரியாஸ் தன் அக்கா ஜெசிமாவின் படிப்புக்கென்று வாங்கிக் கொடுத்தது. கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்த ஜெசிமா, வாப்பாவுக்கு இன்டர்நெட் பார்க்கச் சொல்லிக்கொடுத்தாள். பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறப்பது எப்படி என்பதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு டேபின் ஓரத்திலும் இருக்கும் பெருக்கல் குறி எதற்கு என்று கேட்டார். அதை அமுக்கினால் அந்தப் பக்கம் மூடிவிடும் என்று சொன்னாள். அன்றிலிருந்து மௌஸை அந்தக் குறியின் பக்கம்கூட அவர் கொண்டுபோனதில்லை.

யார் ஊருக்குப் போனாலும் அவர்களுக்கென்று ஒரு பக்கம் திறந்து வைப்பது காக்காவின் வழக்கமாயிற்று. ரியாஸின் படகு எந்தத் தண்ணீரில் நிற்கிறது என்று காட்டும் வரைபடம். கண் ஆபரேஷனுக்கு மதுரை போன பக்கத்து வீட்டு அம்மாளுக்காக மதுரையின் வெயில் நிலவரம். மக்காவுக்கு உம்ரா போனவர்களுக்காக விமானம் எங்கே பறக்கிறது என்ற பக்கம். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால் ஒவ்வொரு பக்கமாகப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பார். மேலே டேபுகள் கூடையில் நெத்திலி அடுக்கின மாதிரி நெருக்கியடித்து நின்றன. எது யாருடையது என்று அவருக்கு மட்டும் தெரியும்.

கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஜெசிமா தன் பெயரை டைப் செய்துவிட்டுப் போய் மீன் கழுவிவிட்டு வந்தால் பாதிப் பெயர்தான் வந்திருக்கும். உள்ளே இருக்கும் ஃபேன் போடும் சத்தத்தில், விசைப்படகு ஏதோ தெருவுக்குள் வந்துவிட்டது என்று நான் ஒருநாள் வெளியே வந்து பார்த்தேன்.

என் கம்ப்யூட்டர் ஞானத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அலுவலகத்தில் பிரிண்டருக்குள் சிக்கிய தாளை ஒருமுறை கிழியாமல் உருவி எடுத்தேன். அந்தச் செய்தி தெருவுக்கு வந்து சேர்வதற்குள் நான் பெரிய இன்ஜினியர் ஆகியிருந்தேன். ஜெசிமா வந்து, "அண்ணே, ஒரு தடவ பாத்துக் குடுங்கண்ணே" என்று கூப்பிட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை.

எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் பார்த்தேன். தூசு தட்டினேன். வைரஸ் இருக்கிறதா என்று தேடினேன். மௌஸ் அம்புக்குப் பதில் ரோஜாப்பூ வரவைக்கும் ஏதோ ஒன்று பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைப் பிடுங்கி எறிந்தேன். முன்பு பார்த்து முடித்த பக்கங்களின் விவரங்களை அழிக்கலாமா என்று காக்காவிடம் அனுமதி கேட்டேன். "போனத அழிங்க தம்பி. போனவங்கள அழிச்சிராதீங்க" என்றார். அழித்தேன். கடைசியாக மொத்தத்தையும் அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். பிரவுசர் திறந்ததும், பழைய பக்கங்கள் ஒவ்வொன்றாகத் தாமாகவே வந்து பழைய இடத்தில் நின்றன. காக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா, எல்லாரும் வந்துட்டாங்க."

வந்துவிட்டார்கள் என்றால் மூடிவிடலாமே என்று மடக்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. முகவரியைக் குறித்து வைத்துக்கொண்டு மூடலாம், வேண்டும்போது திறக்கலாம் என்று அடுத்த யோசனை சொன்னேன். வாசலில் பேரை எழுதி ஒட்டிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொள்வதா என்று கேட்டார். நான் வீட்டுக்கு வந்து தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டேன்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, ஜெசிமாவின் இன்டர்வியூ வரும்வரை. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் வேலை. படித்து முடித்து எத்தனையோ இடங்களுக்கு எழுதிப் போட்டு, கடைசியில் கனிந்துவந்த ஒன்று. கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, பாடத்தைத் திரையில் காட்டி, நடத்திக் காட்ட வேண்டும். செல்போனில் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முதல்முறை அவள் வாயைத் திறந்ததும் படம் உறைந்துவிட்டது. எதிர்முனையில் இருந்தவர்கள், பாதி திறந்த வாயோடு நின்ற ஒரு பெண்ணைக் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார்கள். பெரிய மனதோடு வியாழக்கிழமை காலை இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அதுவே கடைசி. ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் செய்யலாமென்றால், ஆதார் அட்டையோடு ஊரே பின்னால் நிற்கும்.

வாப்பா இல்லாத நேரத்தில் மொத்தத்தையும் மூடிவிட்டால் என்ன என்று ஜெசிமாவிடம் மெல்லக் கேட்டேன். எம்.எஸ்ஸி. படித்த பெண், சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நானே ஒருநா மூடப் போனேண்ணே. அன்னைக்கின்னு பாத்து ரியாஸ் தம்பி போன எடுக்கல. அப்புடியே விட்டுட்டேன்."

ஆக, மூட வேண்டும், அதுவும் காக்காவின் சட்டப்படி மூட வேண்டும். போனவர் திரும்பி வந்தது நிரூபணமானால் மூடலாம். திங்கட்கிழமை சாயங்காலம் விசாரணை தொடங்கியது. காக்கா நாற்காலியில், நான் மௌஸோடு, லாத்தா கதவருகில்.

மதுரையின் வெயில் சுலபமாக முடிந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் ஆபரேஷன் முடிந்து வந்து அதே கண்ணால் தினமும் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் காக்கா போன் போட்டு, "வந்துட்டீங்கள்ல?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். அந்த அம்மாள் பயந்துபோய், காக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று லாத்தாவை விசாரித்தார்.

அடுத்தது ஒரு புயல். எந்த வருடத்துப் புயலோ, நாளை கரையைக் கடக்கும் என்று போட்டபடி நின்றுகொண்டிருந்தது. இன்னும் கடக்கவில்லையே, எப்படி மூடுவது என்றார் காக்கா. நான் அந்தப் பக்கத்தைப் புதுப்பித்தேன். அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. "அப்பக் கடந்துருச்சு" என்று தலையாட்டினார்.

பிறகு மிக்ஸி ஜார். லாத்தாவுக்கு கூரியரில் வர வேண்டிய ஜார், வழியில் உள்ளது என்று போட்டது போட்டபடியே இருந்தது. அதற்குள் மிக்ஸியே பழுதாகி வேறு மிக்ஸி வாங்கியாகிவிட்டது. காக்கா அசையவில்லை, வழியில் இருப்பதை எப்படி மூடுவது என்றார். லாத்தாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அது மவுத்தாப் போச்சுன்னு நெனச்சுக்கங்க ஜெசிமா வாப்பா."

மவுத் என்றால் மரணம்; அது காக்காவுக்குச் சரியாகப் பட்டது. பிறகு, எதை இழந்தாலும் சொல்லும் 'இன்னா லில்லாஹி'யை மெல்லச் சொல்லிவிட்டு மூடச் சொன்னார்.

இப்படியே உருண்டு புரண்டு வந்து, ரயில் எங்கே ஓடுகிறது என்று காட்டும் பக்கம் ஒன்றில் முட்டிக்கொண்டு நின்றோம். அது லாத்தாவின் தம்பி ஜக்கரியாவுக்கானது. எப்போதோ ரயிலில் சென்னைக்குப் போனவர், திரும்பும்போது டிக்கெட் கிடைக்காமல் பஸ்ஸில் வந்துவிட்டார். வந்து, மகளுக்குக் கல்யாணம் முடித்து, பேரனும் எடுத்துவிட்டார். ஆனால் காக்காவின் கணக்குப்படி, ரயில் கூட்டிப்போன ஆளை ரயில் இன்னும் கொண்டுவந்து இறக்கவில்லை. ஜக்கரியாவையே அடுத்த தெருவிலிருந்து கூட்டி வந்தோம்.

"மச்சான், நா இங்கன உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன். இன்னும் என்னா வரணும்?" என்றார்.

"நீ வந்துட்ட. ரயிலுக்குத் தெரியாதுல்ல" என்றார் காக்கா.

ஜக்கரியா ஒரு பேச்சுப் பேசினார். அதை வாரப் பத்திரிகையில் போட முடியாது. ஆனால் ஜெசிமா, "மாமா, எனக்காக மாமா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னதும் அடங்கிவிட்டார். சென்னை வரை போக வேண்டியதில்லை, ராமேஸ்வரம் வரும் அந்த ரயிலில் பரமக்குடியில் ஏறி ராமநாதபுரத்தில் இறங்கினால் போதும் என்று நான் சமரசம் பேசி முடித்தேன். செவ்வாய்க்கிழமை பரமக்குடிக்குப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, புதன்கிழமை விடியற்காலையில் ரயில் பிடித்து இறங்கி, பஸ் ஏறிக் கீழக்கரை வந்து, தூக்கக் கலக்கத்தோடு திறந்த வாசலில் நின்று ஸலாம் சொன்னார். காக்கா எழுந்து போய்க் கட்டித் தழுவி வரவேற்றார். பயணமெல்லாம் எப்படி என்று கேட்டார். இவ்வளவு நாளாயிற்றே, இளைத்துவிட்டாயே என்றார். அதற்கு ஜக்கரியா சொன்ன பதிலையும் போட முடியாது.

புதன்கிழமை மத்தியானம் ஒரே ஒரு டேப்தான் மிச்சம். அப்போதும் ஃபேன் அதே ஓலம் போட்டது. எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று பிரவுசரிலேயே பார்க்கும் இடம் ஒன்று உண்டு. இந்த வைத்தியத்தை முதல் நாளே பார்த்திருந்தால் ஜக்கரியா நிம்மதியாகத் தூங்கியிருப்பார். பார்த்தேன். மதுரை வெயிலும் மிக்ஸி ஜாரும் ஒரு பாவமும் செய்யவில்லை. கம்ப்யூட்டரின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது, உலகத்துக் கப்பல்களையெல்லாம் நொடிக்கு நொடி நகர்த்திக் காட்டிக்கொண்டிருந்த ரியாஸின் வரைபடம்.

திரையில் வளைகுடாவின் ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி. ரியாஸுக்குப் போன் போட்டோம். மூடிவிட்டு வேலையைப் பாருங்கள் வாப்பா, நான் லீவு கிடைத்ததும் வருகிறேன் என்றான். காக்கா போனைக் கீழே வைத்தார். ஜெசிமா, "பரவால்ல வாப்பா, வேற எடம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே பாத்திரம் வைக்கும் சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது. காக்கா திறந்த வாசலையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் எரிச்சலும், அதைவிட அதிகமாகப் பாவமும் வந்தது.

வியாழக்கிழமை காலையில் சுத்தியல் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். காக்கா ஆசாரியைக் கூட்டிவந்து வாசல் கதவைக் கீலோடு கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிய கதவை இருவருமாகத் தூக்கிப்போய்ப் பின்கட்டுச் சுவரில் சாய்த்தார்கள். லாத்தா தலையில் கைவைத்து நின்றிருந்தார். கதவில்லாத வீட்டில் எப்படித் தூங்குவது என்று கேட்டார். இருந்தபோது மட்டும் மூடினோமா என்று காக்கா திருப்பிக் கேட்டார்.

காக்கா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"இப்ப இந்த வீட்டுல மூடுறதுக்குக் கதவே இல்ல தம்பி. அவனுக்கு இது போதும். இங்கன இருக்குற புள்ளைக்கும் ஒரு வழி தொறக்கணும்ல."

பிஸ்மில்லாஹ் சொல்லி, வாழ்க்கையில் முதன்முறையாக, அந்தப் பெருக்கல் குறியைத் தானே அமுக்கினார். ஃபேன் சத்தம் சட்டென்று அடங்கியது. தெருவில் மீன்காரர் கூவுவதுகூடக் கேட்டது. ஜெசிமா வாப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இன்டர்வியூவுக்கு முகம் வீங்கிவிடும் என்று லாத்தா அதட்டியபிறகுதான் நிறுத்தினாள்.

இன்டர்வியூ அருமையாகப் போனது. படம் உறையவில்லை, குரல் உடையவில்லை. கேமராவில் தெரியாதபடி ஓரமாக நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். கூட்டல், கழித்தல் பற்றிய பாடம். நடுவில், கதவில்லாத வாசல் வழியாக வெள்ளை ஆடு உள்ளே வந்து, ஜெசிமாவின் தோளுக்குப் பின்னால் நின்று கேமராவைப் பார்த்தது. காக்கா குனிந்தபடி வந்து அதை இழுத்துக்கொண்டு போனார். அது கையிலிருந்து நழுவி மறுபடி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜெசிமா ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

"பிள்ளைகளே, ஒரு ஆடு உள்ளே வந்தால் கூட்டல் ஒன்று. என் வாப்பா வெளியே கொண்டுபோனால் கழித்தல் ஒன்று. இப்போது வீட்டில் மிச்சம் எத்தனை ஆடு?"

எதிர்முனையில் சிரிப்பு வெடித்தது. சாயங்காலமே வேலை கிடைத்த செய்தி வந்துவிட்டது. அந்த வேலையில் ஆட்டுக்கும் பங்குண்டு என்று லாத்தா ஒரு கொத்து அகத்தி வாங்கிப் போட்டார். ரியாஸ் லீவில் வந்து இறங்கிய அன்றைக்குத்தான் ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவை மறுபடி மாட்டினார்கள். மாட்டினார்கள் என்றுதான் சொன்னேன். மூடினார்கள் என்று சொல்லவில்லை.

அதற்கப்புறம் எனக்குத் தர்மபுரிக்கு மாற்றல் வந்தது. கிளம்பிய அன்று, சாமான் வண்டியின் பின்னால் போய்க்கொண்டிருந்த நான் தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். காக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

போன வாரம் ஜெசிமா போன் செய்தாள். கம்ப்யூட்டர் மறுபடி இழுக்கிறதாம், பாடம் நடத்தச் சிரமமாக இருக்கிறதாம். வாப்பா திரும்பவும் பக்கங்களைத் திறக்கத் தொடங்கிவிட்டார் என்றாள். என்னென்ன இருக்கிறது, வரிசையாகப் படி என்றேன். ரியாஸின் வரைபடம் என்றாள். அது தெரிந்ததுதான். அடுத்தது என்னவென்று கேட்டேன். தர்மபுரியின் மழை நிலவரம் என்றாள். அதையாவது மூடு, இங்கே மழையே கிடையாது என்றேன். அதற்குள் போன் காக்காவின் கைக்கு மாறிவிட்டது.

"நீங்க இன்னும் வரலையே தம்பி. எப்புடி மூடுறது?"

வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். எதற்கு என்று மேலதிகாரி கேட்டார். கீழக்கரையில் ஒரு கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது, நான் போய் நின்றால்தான் சரியாகும் என்று சொன்னேன்.